எல்லாரும் ஆதரவுதான், இடம்தான் இல்லை

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பிள்ளைகளால் எனக்குத் தலைவலி வந்ததே இல்லை, வந்ததெல்லாம் பெரியவர்களால்தான். கெலுகோரில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த காப்பகத்தில் பதினான்கு வருடம் உதவியாளாக இருந்தேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பது, பால் கலக்குவது, மூக்கு துடைப்பது, தூங்க வைப்பது. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இது போதும் என்று இருந்தேன்.

காப்பகத்தை நடத்திய சங்கம், இனி முடியாது என்று மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தது. பத்தொன்பது பிள்ளைகள். யாழினியின் அம்மா சுமதிக்குத்தான் முதலில் முகம் வெளுத்தது. பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. புருஷன் இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாம் தூரத்து ஜொகூரில். காப்பகம் இல்லை என்றால் அவளுக்கு வேலையும் இல்லை. நகராட்சிக் கவுன்சிலில் போய் இடம் கேட்போம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு கவுண்டர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

முத்திரை குத்திய கடிதம்

கவுண்டரில் இருந்தது நம்ம தமிழ்த் தம்பிதான். நான் சொன்னதை முழுசாகக் கேட்டான். "கவலைப்படாதீங்கக்கா, கவுன்சில் கண்டிப்பா சப்போர்ட் பண்ணும்லா" என்றான். அடுத்த வாரமே முத்திரை குத்திய கடிதம் வந்தது. தலைப்பில் பெரிய எழுத்தில் 'சூராட் சொக்கோங்கான்', ஆதரவுக் கடிதம். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அம்மாமார் கைதட்டினார்கள். ஒருத்தி கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு மலாய் பேச வரும். ஆபீஸ் மலாய் படிக்க வராது. கேசரி தீர்ந்த பிறகு சுமதி நின்று நிதானமாகப் படித்தாள். இடம் கொடுக்கிறோம் என்று ஒரு வரியும் இல்லை. காப்பகம் தொடர்வதைக் கவுன்சில் ஆதரிக்கிறதாம். இடம் கொடுப்பதை வேறொரு இலாகா பரிசீலிக்கட்டுமாம். அந்த இலாகாவுக்குப் போனேன். அவர்களும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதுவும் சொக்கோங்கான். இப்படியே அலைந்து நான்கு சேர்ந்தன. நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சுமதி சொன்னாள்: "எல்லாரும் நம்மளத் தாங்குறாங்கக்கா, நாமதான் விழுந்துக்கிட்டே இருக்கோம்."

செவ்வாய் காலை பத்து மணி

பிறகு கவுன்சில் எங்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு வர முடிகிற அம்மாவுக்குக் காப்பகம் எதற்கு? போனில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள். நேரத்தை மாற்றவில்லை.

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு நான் போனேன். என்னைத் தவிர வந்தது, கீழே தினமும் பலகையில் காய் நகர்த்தி 'தாம்' ஆடும் பெரிசுகள் நான்கு பேர். ஆளுக்கு ஒரு பொட்டலம் மீ நூடுல்ஸ் கொடுத்தார்கள். இந்த அடுக்குமாடிக்கு என்ன தேவை என்று ஒரு பெரிய தாளில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். பெரிசுகள் நான்கு பேரும் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூரை வேண்டும் என்று ஒட்டினார்கள். காப்பகத்துக்கு என் ஸ்டிக்கர் ஒன்று. இடுப்பில் இருந்தவன் இன்னொன்றை ஒட்டினான். அது செல்லாது என்று உரித்துவிட்டார்கள்.

நான்கு பேரில் ஒருவரான பெருமாள் அண்ணனைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன். தினமும் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஆடுகிறவர், அவருக்குத் தெரியாதா? மீ பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மாமார் ஒருத்தரும் வரலியே, அப்போ அவங்களுக்கு வேணாம் போலன்னு நினைச்சேன்மா."

பொலே, காக்

கவுன்சிலிலிருந்து நோராய்னி என்ற மலாய்க்கார அதிகாரி வந்தார். நல்ல பெண், குறை சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து பிளாக்கில் கவுன்சிலின் மண்டபம் இருக்கிறது. டேப் வைத்து அளந்தார், கழிவறைக்குள் போய்ப் பார்த்தார், ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே "பொலே, காக்" என்றார். முடியும் அக்கா! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்புறம்தான் அட்டவணையை எடுத்தார். காலையில் உடற்பயிற்சிக் குழு. மத்தியானம் தையல் வகுப்பு. சாயங்காலம் பூப்பந்து. யாரும் கேட்காத நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. "மத்த நேரம் பிள்ளைகளை எங்கே வைக்கிறது?" என்று கேட்டேன். உண்மையிலேயே யோசித்தார். பிறகு சொன்னார்: "அந்த நேரம் அம்மாகிட்ட இருக்கட்டுமே, காக்."

பத்தொன்பதில் மூன்று

கடைசி வாரம். தொடர்ந்து வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி சுமதியின் சூப்பர்வைசர் கேட்டுவிட்டார். அவள் அழவில்லை. யாழினியின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். பார்க்க முடியாமல் திரும்பவும் வாயைக் கொடுத்தேன்: "என் வீட்ல கொண்டாந்து விடு."

ஒரு மணி நேரத்தில் அடுக்குமாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டாவது மாடியில் என் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே முதுகுவலியோடு படுத்திருந்த என் வீட்டுக்காரர் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து எழுந்து வந்தார். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைக்கு மேல் பார்த்தால் பதிவு செய்ய வேண்டும், சோதனைக்கு வருவார்கள் என்று நோராய்னி முன்பே சொல்லியிருந்தார். என் வீட்டுக் குளியலறையைச் சோதித்தால் எங்களையே காலி பண்ணச் சொல்வார்கள். ஆகவே மூன்று. யாருமே இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்தேன்: யாழினி, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் செல்வியின் இரட்டைப் பிள்ளைகள்.

கவினை இரண்டு மாதக் குழந்தையிலிருந்து வளர்த்தவள் நான். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அவனுக்குப் பாட்டன் இருக்கிறார், பாதிக் கண் தெரியாது என்றாலும் இருக்கிறார் என்று சொல்லிச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அவன் அம்மா சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்: "உங்களைக் குறை சொல்லலக்கா. அவன் என்ன தப்பு செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க."

போட்டோ

காப்பகத்தை மூடிய பிறகு மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க நோராய்னி கேமராக்காரரோடு வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடி ஏறி மூச்சு வாங்கினார், தண்ணீர் கொடுத்தேன். மிச்சப் பதினாறு பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். கவினின் அம்மா வேலையை விட்டுவிட்டாள். இன்னொருத்தி பிள்ளையைத் தைப்பிங்குக்கு, மாமியாரிடம் அனுப்பிவிட்டு மாதம் ஒரு முறை பார்க்கிறாள். மண்டபத்தைக் காலையிலிருந்து கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதற்குள் கேமராக்காரர், இரட்டையர் பாயில் தூங்குவதையும் யாழினி தானே சோறு அள்ளித் தின்பதையும் எடுத்துவிட்டார். நோராய்னி அந்தப் படங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது, நடிப்பில்லை, நிஜமான சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பார்த்தீங்களா காக், நீங்களே சமாளிச்சிட்டீங்க. இனிமே இந்த ஃபைலை மூடிடலாம்."

நான் என் வீட்டுக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் பத்தொன்பது பேருக்கும் இடம் கிடைத்திருக்குமோ என்னவோ, ஆனால் நாளைக் காலையும் யாழினியைத் தூக்கிக்கொண்டு சுமதி வந்து நிற்பாளே.