படகுத்துறைப் பள்ளியில் கூடுதலாக ஒரு குரல்

இது நடந்தது. கேட்டு முடித்துவிட்டு "நல்லா இட்டுக்கட்டுறீங்க" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று அந்தப் பள்ளியில் இருந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை சிரித்ததில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கம்போடியாவில், மேக்கோங் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் பிள்ளைகள் படகில் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.

ரோவெனா பிலிப்பைன்ஸ்காரி. சொந்த ஊரில் ராத்திரியெல்லாம் கால் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், பகலில் வேலை இருந்தால் போதும் என்று இங்கிலீஷ் டீச்சராக வந்தவள். கொசல் என்பவர் நடத்திய பள்ளிக்கூடம் அது. தூண்களின் மேல் நிற்கிற மரவீடு, தகரக் கூரை, ஒரே ஒரு வகுப்பறை. மழைக்காலத்தில் ஆறு பொங்கி வீட்டுக்கு அடியிலேயே வந்து நிற்கும். தரைப் பலகை இடுக்கில் பார்த்தால் தண்ணீர் தெரியும். படிக்க வருகிறவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் எதிர்த்தீவு. பகலில் நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவுகிறவள், பஞ்சர் ஒட்டுகிறவன், கரும்பு ஜூஸ் பிழிகிறவன் என்று ஆளுக்கொரு வேலை. நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்தால் பெரிய ஊர் ஓட்டல்களில் வேலை கிடைக்கும் என்ற ஒரே ஆசையில் மாலை ஐந்தேகாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் பாடம் நடத்தும் விதம் சுலபம். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். வகுப்பு மொத்தமும் சேர்ந்து திரும்பச் சொல்லும்.

"இது மாம்பழம்."

"இது மாம்பழம்!"

கூரை அதிரும். ரோவெனாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் அது முதலில் காதில் விழுந்தது. வகுப்பு சொல்லி முடித்துவிட்டது. ஒரு நொடி தள்ளி இன்னொரு குரல் அதையே சொன்னது. பெண் குரல், மெல்லிசாக. யாரோ பின்தங்குகிறார்கள் என்று அவள் முதலில் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாக்கியத்துக்கும் வந்தது. அதற்கடுத்ததற்கும்.

"யாரு அது, கடைசியில தனியாச் சொல்றது?"

பஞ்சர் ஒட்டுகிற பொரின் எழுந்தான். அவனுக்குப் பாதி இங்கிலீஷ், மீதி கைஜாடை. "டீச்சர், அது கூரையில இருக்கிற பல்லி. மூணு மாசமா ஓசியில படிக்குது. நம்ம ஜூஸ்காரனை விட நல்லாச் சொல்லுது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரோவெனாவும் சிரித்தாள். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று மனதில் தைத்துக்கொண்டது. அந்தக் குரல் நன்றாகத்தான் சொன்னது. இங்கிலீஷில் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்ல வேண்டிய அந்த ஒரு ஓசை, அவள் வகுப்பில் ஒருத்தருக்கும் வராது. அந்தக் குரலுக்கு வந்தது.

புதன்கிழமை வந்ததும் வராததுமாகப் படியில் இறங்கி, வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர். தூணில் கட்டிய வாளி. கொசலின் வாத்துகள் இரண்டு. தண்ணீர் ஆள் கழுத்தளவு இருக்கும். யாரும் நின்று பாடம் கேட்கிற இடமில்லை அது.

அன்றும் குரல் வந்தது. இப்போது தெளிவாகத் தெரிந்தது. கூரையிலிருந்து இல்லை, பலகைக்குக் கீழேயிருந்து...

வியாழக்கிழமை ரோவெனா ஒரு சோதனை செய்தாள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"நாளைக்கு நான் சந்தைக்கு..."

கையை உயர்த்தினாள். வகுப்பு அமைதியானது. மழை தகரத்தில் சொட்டியது.

கீழேயிருந்து வந்தது.

"...போகமாட்டேன்."

யாரும் அசையவில்லை. அப்புறம் நடந்ததுதான் அவளுக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது. வகுப்பு, பழகிப்போன பழக்கத்தில், ஒன்றாக வாயைத் திறந்து அதைத் திரும்பச் சொன்னது.

"நாளைக்கு நான் சந்தைக்குப் போகமாட்டேன்."

கொசலிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "தண்ணி மேல சத்தம் தாவும் டீச்சர். அக்கரைல ஒருத்தன் தும்முனா இங்க கேக்கும். புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. குரலும் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. ரோவெனாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பழக்கடைப் பாடம். உற்சாகமாக நடத்தினாள். வகுப்பும் அன்றைக்கென்று அவ்வளவு பிசிறில்லாமல் சொன்னது. ஆறு மணிக்கு முடிந்தது. பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு துறைப் பக்கம் நகர்ந்தார்கள். தீவுப் படகு வருகிற நேரம்.

நூடுல்ஸ் கடை சோரியா மட்டும் நின்றாள். வகுப்பை தினமும் போனில் பதிவு செய்துகொண்டு போய்க் கிண்ணம் கழுவும்போது கேட்பவள் அவள். இங்கிலீஷும் அவளுக்குத்தான் ஓரளவு வரும்.

"டீச்சர், இன்னிக்கு நீங்க சொன்ன வரியெல்லாம் புத்தகத்துல இல்லையே. நீங்களே எழுதுனதா?"

"பழக்கடைப் பாடம்தானே சோரியா? இருபதாம் பக்கம்."

சோரியா அவள் முகத்தையே பார்த்தாள். "இல்ல டீச்சர்."

இயர்போனை ஆளுக்கொரு பக்கம் காதில் செருகிக்கொண்டார்கள். சோரியா போனை அழுத்தினாள்.

முதலில் பெஞ்சு இழுபடும் சத்தம். யாரோ இருமுகிறார்கள். அப்புறம் அந்தப் பெண் குரல். மெல்லிசாக.

"படகில் இடம் இருக்கிறது."

ஒரு நொடி கழித்து ரோவெனாவின் குரல்.

"படகில் இடம் இருக்கிறது."

அப்புறம் வகுப்பு.

குரல் இன்று வராமல் இல்லை. முதலில் வந்திருக்கிறது. அது சொல்ல, இவள் திரும்பச் சொல்லியிருக்கிறாள். முக்கால் மணி நேரமும். மாம்பழம், வாழைப்பழம் என்றுதான் சொன்னதாக அவளுக்கு ஞாபகம். சத்தியமாக அதுதான் ஞாபகம்.

"இருட்டும் முன் கிளம்பலாம்." அது. அவள். வகுப்பு.

"யாரும் கரையில் நிற்க வேண்டாம்." அது. அவள். வகுப்பு.

வெளியே... மோட்டார் சத்தம்.

டொட் டொட் டொட் டொட்...

ரோவெனா காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். துறைப் படிக்கட்டில் எட்டுப் பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க! ஏறாதீங்க! எல்லாரும் மேல வாங்க!"

கொசல் ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது? தீவுல பெத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மழைன்னு சொல்லுங்க."

"மழை எங்க பெய்யுது?"

"என்னை வேலையை விட்டு அனுப்புங்க. இன்னிக்கு ராத்திரிக்கே பஸ் ஏறிடுறேன். ஆனா இவங்கள்ல ஒருத்தரைக்கூட இறங்க விடமாட்டேன்." கத்தினாள். ஏழு பேர் முனகிக்கொண்டே மேலே வந்தார்கள். பொரின் மட்டும் கடைசிப் படியில் நின்றான்.

"அட, படகு வந்தாச்சு டீச்சர். எங்கம்மா தோலை உரிச்சுடும்."

டொட் டொட் டொட்...

சத்தம் படிக்கு வந்து சேர்ந்தது. ஒரு முழத் தூரம்கூட இருக்காது.

பொரின் குனிந்து பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.

"சத்தம் இருக்கு..." என்றான். "படகு எங்க?"



திரும்பாமல், முகம் ஆற்றைப் பார்த்தபடியே, பின்னாலேயே ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். கொசல் தானாகவே நகர்ந்து அவனுக்கு வழி விட்டார்.

மோட்டார் அங்கேயே ஓடியது. காத்திருந்தது.

ரொம்ப நேரம்.

அப்புறம் மெல்ல நகர்ந்தது. தீவுப் பக்கம் இல்லை. ஆற்றோடு, கீழ்ப்பக்கம்.

டொட்... டொட்...

அடங்கிவிட்டது.

அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தீவுக்குப் போன் போட்டு, பாடம் முடிய நேரமாகிவிட்டது என்று கொசலே பொய் சொன்னார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பொரின் விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடப் பயமாக வேறு எதுவும் இல்லை என்று சோரியா பிற்பாடு சொன்னாள். கீழே தண்ணீர் தூணில் மோதிக்கொண்டே இருந்தது. வேறு சத்தமே இல்லை.

விடிந்ததும் தீவுப் படகுக்காரர் சாவொன் வந்தார். படியேறி வாசலுக்கு வந்தவர் உள்ளே பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, என்ன ஆச்சு?" என்றாள் சோரியா.

அவர் சொல்லச் சொல்ல அவள் ரோவெனாவுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

முன்தினம் அவர் படகு கிளம்பவே தாமதம். நடு ஆற்றில் வரும்போது துறையில் வேறொரு படகு நின்றது. விளக்கில்லாத படகு. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எவனோ தன் சவாரியைத் தட்டிக்கொண்டு போகிறான் என்று அவருக்குக் கோபம். கத்திக் கூப்பிட்டார். பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. அவரும் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் மனைவி, "பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே தங்கிடுச்சுங்களாம், போன் வந்துச்சு" என்றாள். அதற்கப்புறம் அவர் கண்ணை மூடவில்லை.

"ஒம்பது பேரையும் பாத்தேன்" என்றார். "இதோ இவன் பொரின், இந்தச் சட்டையோட. நீயும் இருந்தே சோரியா."

பிறகு ரோவெனாவைப் பார்த்தார். சரியாகப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்துப் பேசினார்.

"டீச்சர் முன்னால உக்காந்திருந்தாங்க. அவங்க மட்டும்தான் திரும்பினாங்க. கையை ஆட்டி என்னையும் கூப்பிட்டாங்க."

"நான் என்ன சொன்னேன்னு கேளு" என்றாள் ரோவெனா.

சோரியா கேட்டாள். அவர் சொன்னார். சோரியா உடனே மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லு சோரியா."

"'வாங்க மாமா, ஆழம் ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னீங்களாம்." "எங்க பாஷையில. எங்க தீவுக்காரங்க மாதிரியே, இழுத்து இழுத்து..."

ரோவெனாவுக்கு அந்த மொழியில் அன்றுவரை நன்றி சொல்லக்கூடச் சரியாக வராது.