அலங்காரியின் கூந்தல்

அக்காவைக் கிடத்தியிருந்த அன்று உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வந்து எண்ணெயும் தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியும் தொட்டுத் தலையில் வைத்தார்கள். கடைசிக் குளியலுக்கு முன் எங்கள் பக்கத்தில் அது வழக்கம். முதலில் வந்த பெண், அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கக் கையை நீட்டிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "துணிக்கு மேலயே வெச்சுருங்க அம்மணி, அது போதும்" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எல்லோரும் அப்படியே வைத்தார்கள். துணி நனைந்து கருத்தது. ஆண்களோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருந்தும், அந்தத் துணிக்குக் கீழே இருந்ததை நானும் பார்த்ததில்லை.

அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. பீளமேட்டில் ஒரு சந்துக்குள் இருக்கும் பொம்மைப் பட்டறையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். கையில் மாட்டி ஆட்டும் துணிப் பொம்மைகளைச் செய்து, பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்த் திரைக்குப் பின்னால் நின்று கதை காட்டுவது எங்கள் தொழில். கைகழுவுவது, சாலையைக் கடப்பது போன்ற கதைகள். கதை எழுதுவதும் பேசுவதும் பட்டறை நடத்திய சார். தலையும் உடம்பும் தைப்பது நான். நான் அஞ்சாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே வராது. திரைக்குப் பின்னால் நிற்கிற வேலை என்பதால்தான் அங்கே தங்கினேன்.

முடி செய்வது அக்கா. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் கழிவுத் துணியில் கறுப்பாகப் பொறுக்கி எடுத்து, குறுக்கு வாட்டில் நாடா நாடாக வெட்டுவார். இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. தட்டையான துணி தானாகச் சுருண்டு, உருண்டையான முடியாகிவிடும். நீள வாட்டில் வெட்டினால் சுருளாது. வகிடு எடுத்து, வகிட்டின் மேலேயே தையல் போட்டு, இரண்டு பக்கமும் வழித்துப் பின்னிவிடுவார். முடித்த பொம்மையை மடியில் வைத்து, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் ஒருதரம் நீவிவிட்ட பிறகுதான் என்னிடம் தருவார்.

அவர் கன்னிப் பருவத்தில் ஒரு மில்லில் நூல் ஓட்டும் வேலைக்குப் போனவர். ஓடுகிற மெசினுக்கு அடியில் பஞ்சு எடுக்கச் சொன்னார்கள்; சுற்றிக்கொண்டிருந்த தண்டு அவர் பின்னலைப் பிடித்துக்கொண்டது. அதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். "தொப்பி போட்டுத்தான் இருந்தேன் தம்பி. மெசின் தொப்பியையும் சேத்து எடுத்துக்கிச்சு. நா அழகு காட்டத் தொப்பிய கழட்டுனேன்னு பேசிப்போட்டாங்க. என்ற ஊட்லயும் அதையே நம்பிக்கிட்டாங்க." கல்யாணம் நடக்கவில்லை. தம்பி வீட்டில் ஒரு அறையில் இருந்தார்.

இப்படி இருக்கும்போது வேறொரு மில்லிலிருந்து சாருக்கு ஓர் ஆர்டர் வந்தது. பாதுகாப்பு வாரத்துக்கு, வேலைக்கு வந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்குக் கதை காட்ட வேண்டும். கதையையும் மில் ஆபீசரே சொல்லிவிட்டார். அலங்காரி என்று ஒருத்தி. கூந்தலைக் காட்டிக்கொள்ளத் தொப்பியைக் கழற்றி வீசுவாள். மெசின் கூந்தலைப் பிடுங்கும். அவள் மொட்டைத் தலையோடு நிற்பாள். எல்லோரும் கைகொட்டிச் சிரிக்க வேண்டும்.

"சிரிச்சாத்தானுங்க மனசுல நிக்கும்" என்றார் ஆபீசர். முடியைப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் இழுத்ததும் கழன்று வந்துவிடும் என்று சார் அக்காவுக்கு விளக்கினார்.

அக்கா கேட்டார்: "மொட்டையாகுறப்ப ரத்தம் வராதுங்களா சார்?"

"பொம்மதானுங்க அக்கா" என்றார் சார். அவருக்கு அக்காவின் கதை தெரியாது. எனக்குத் தெரியும். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன். அக்கா கறுப்புத் துணியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அலங்காரிக்கு அவர் செய்த கூந்தல் போல வேறு எந்தப் பொம்மைக்கும் செய்ததில்லை. இடுப்பைத் தாண்டித் தொங்கியது. அவர் வேலையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பின்னல் கலைந்துவிடும் என்று ஒத்திகையையும் பழைய பொம்மையை வைத்தே முடித்தோம்.

மில் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அலங்காரி தொப்பியை வீசினாள், சிரிப்பு எழுந்தது. பின்னல் நுனியை அட்டையில் செய்திருந்த மெசினின் உருளையில் மாட்டி நான் கைப்பிடியைச் சுற்றினேன். முடி கழன்று வரவில்லை. நீண்டது. சுற்றச் சுற்ற ரப்பரைப் போல நீண்டுகொண்டே போனது. "சுத்துங்க, இன்னும் சுத்துங்க" என்று சார் பல்லைக் கடித்தார். பலங்கொண்ட மட்டும் சுற்றினேன். நான் போட்ட கழுத்துத் தையல் படபடவென்று விட்டது. தலை மொத்தமாக வந்து உருளையில் மோதி, கூந்தலோடு தொங்கியது. திரைக்கு மேலே பொம்மையின் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து சாரின் வெறும் விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் தங்கள் தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "ஏனுங்க, அந்த மெசின நிறுத்தறதுக்கு ஆளே இல்லீங்களா?" ஆபீசர் அவளை உட்காரச் சொல்லிக் கத்தினார்.

பட்டறைக்கு வந்ததும் சார் பொம்மையின் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிரஸ் பட்டனே இல்லை. சாக்கு தைக்கும் நூலால் வகிடு முழுக்க இரட்டைத் தையல் போட்டிருந்தது. "ஏனுங்க அக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"தொப்பி மாதர கழண்டு வந்துருமுன்னு அந்தப் புள்ளைங்க நெனச்சுக்கக் கூடாதுங்க சார்" என்றார் அக்கா. "முடி அப்படி வராதுங்க."

சார் பொம்மைத் தலையைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, அடுத்த வாரம் மற்ற ஷிப்டுப் பிள்ளைகளுக்குச் சரியாகக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆபீசர் சொன்னதைச் சொன்னார். "இதுவும் போச்சுன்னா பட்டறையப் பூட்டிப்போட்டு நாமெல்லாம் ஊட்டுக்குப் போக வேண்டியதுதானுங்க." அக்கா சாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையை வாங்கி மடியில் வைத்து, தான் போட்ட தையலைத் தானே பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தார். அவர் கேட்காமலே பிரஸ் பட்டன் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது முறை எல்லாம் சொன்னபடி நடந்தது. திரும்பி வந்தபோது அக்கா நாடா வெட்டிக்கொண்டிருந்தார்.

"கழண்டு வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சுங்க அக்கா."

"புள்ளைங்க சிரிச்சுதுகளா?"

இல்லை என்று பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சிரிச்சாங்க" என்று வந்துவிட்டது.

அவர் தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். "அன்னிக்கு மில்லுல இருந்து என்னத் தூக்கிட்டுப் போறப்ப ஒருத்தரும் சிரிக்கல தம்பி" என்றார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டார்.

கதை பிடித்துப்போய் மற்ற மில்காரர்களும் கேட்டார்கள். அத்தனை அலங்காரிகளுக்கும் அக்காவே முடி செய்தார். அந்தப் பொம்மைகளை அவர் நீவிவிட்டு நான் பார்த்ததில்லை. முடித்ததும் அப்படியே என் பக்கம் வைத்துவிடுவார். அவர் போன பிறகும் அந்தப் பொம்மைகள் மில் மில்லாகப் போய்க்கொண்டிருக்கின்றன. உருளையைச் சுற்றுவது நான்தான். அவர் வைத்த பட்டன்களில் ஒன்றுகூட இதுவரை சிக்கியதில்லை. லேசாகச் சுற்றினாலே போதும், விட்டுவிடுகின்றன.