பேபியம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை

கோவில்பதாகையில், எங்கள் தெருவில், எந்நாளும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கிற வீடு ஒன்று உண்டு. பேபியம்மாவின் வீடு. கூடத்துத் தினசரி காலண்டரில் சிவப்பு எழுத்துத் தாள் ஒன்று மாதக்கணக்கில் கிழிபடாமல் தொங்கும்.

காரணம் அவர் கணவர் உத்தமன். ராணுவ டேங்க் பேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மறதி நோய் வந்து சில வருடங்களாகின்றன. குக்கர் விசில் கேட்டால் பேக்டரி சங்கு என்று எழுந்து காக்கிச் சட்டையைத் தேடுவார். அப்படிக் கிளம்பிப் போனவரை ஒருநாள் வெள்ளானூர்ப் பக்கம் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து, "இந்தாயா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம. லீவு. ஒக்காரு," என்பார் பேபியம்மா. அவரும் லீவு கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிடுவார்.

பேபியம்மா நாற்று நட்ட குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்து, கடைசிவரை செக்கிங் பிரிவில் இருந்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். கணவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும், ராத்திரி அவர் வெளியே போய்விடாமல் கதவை மறித்துப் பாய் போட்டுப் படுப்பதும் பேபியம்மாதான்.

ஒருநாள் அடுப்பில் வைத்த பாலை அவர் மறந்துவிட, பாத்திரம் கருகிப் போனது. செய்தி ஓசூரில் இருக்கும் மகன் உதயகுமார் அண்ணனுக்கும் எட்டியது. "நீயும் மறக்க ஆரம்பிச்சின்னா நைனாவ முதியோர் ஹோம்லதான் வுடணும்மா. நீ என்கூட வந்துடு," என்று போனில் சொல்லிவிட்டார். பேபியம்மா அதற்குப் பிறகு பால் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகர்வதே இல்லை.

போன மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். பிரஷர் பார்க்கலாம் என்று தெருவில் பாதிப் பேர் போனோம். பேபியம்மா கணவரைக் காட்டப் போனார். ஞாபகச் சோதனை செய்த ஷர்மிளா என்ற பெண், உத்தமனை முடித்துவிட்டு பேபியம்மாவைப் பார்த்தார்.

"நீங்களும் உக்காருங்கம்மா. பாத்துக்கிறவங்களுக்கும் பண்றோம். சரியான தூக்கம் இல்லாம இருக்கிறவங்களுக்கு ஞாபகம் கொறையலாம்."

"எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தான் கீறேன்."

"அப்ப நல்லா இருக்கீங்கன்னே எழுதிக்கலாம், வாங்க."

உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன கெழமம்மா?"

"ஞாயித்துக்கெழம."

பட்டென்று வந்துவிட்டது. அன்று வியாழன். ஷர்மிளாவின் பேனா நின்றது. பக்கத்து நாற்காலியிலிருந்து உத்தமன், "கரெக்டு. அதான் ஷிப்டு இல்ல," என்றார். யாரோ சிரித்தார்கள். பேபியம்மா எழுந்து கணவர் கையைப் பிடித்தார்.

"எந்திரியா, போலாம்."

பக்கத்து வீட்டு ரேணுகா அக்கா ஓடி வந்து காலண்டர் கதையைச் சொன்னார். ஷர்மிளா சிரித்துவிட்டு, "அந்தக் கேள்விய விட்டுடலாம். மீதிய முடிச்சுக்கலாம்," என்றார்.

"மீதி எதுக்கு? வுட்டுடுக்கா," என்று ரேணுகா காதோடு சொன்னார். "எதுனா கம்மியா வந்துச்சின்னா ஒம்புள்ள அவர ஹோமுக்கு இட்டுகினு பூடுவான்."

பேபியம்மா வாசல்வரை போனார். அங்கே நின்றார். கணவரின் சட்டையில் துளை மாறியிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"எங்க கம்பெனில வருசா வருசம் கண்ணு டெஸ்டு வெப்பாங்க ரேணு. டைலருங்களுக்கு இல்ல, செக்கிங்ல கீற எங்களுக்கு. எங்க கண்ணு போச்சின்னா எது நல்ல சட்ட, எது டேமேஜுன்னு எவனுக்குத் தெரியும்? பால் கருகுனது நெசம்தானே. இந்த மனுசன் என்ன நம்பிகினு கீறாரு. எனக்கே தெரியாம எனக்கு எதுனா ஆச்சின்னா?"

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மொதல்லேர்ந்து கேளும்மா. கெழமையும் சேத்துக் கேளு."

வியாழன் என்றார். கடிகாரம் வரைந்தார். ஐந்து சொற்களை மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் சொல்ல வேண்டும். நான்கு வந்தன. "தக்காளி!" என்று எடுத்துக் கொடுத்தார் உத்தமன்.

"நீ சும்மா இருயா, காப்பி அடிக்கக் கூடாது." கொஞ்ச நேரம் யோசித்தார். "அஞ்சாவது வரலம்மா. வரலன்னே எழுதிக்கோ."

எங்கள் வரிசையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவரைப் பரிசோதித்து முடித்த முகாம் டாக்டர், "வயசுக்கு ஞாபகம் நல்லாவே இருக்கு. ஆனா பிரஷர் அதிகம், தூக்கம் சுத்தமா இல்ல. இப்படியே விட்டா நல்லதில்ல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்," என்றார்.

பேபியம்மா மண்டபத்திலேயே மகனுக்குப் போன் போட்டார்.

"ஒதயா, டெஸ்டு எடுத்தாங்க. மொதல்ல கெழமய மாத்திச் சொல்லிட்டேன். அப்பறம் ஒரு வார்த்த மறந்துட்டேன். மத்ததெல்லாம் சரியாக் கீதாம். ஆறு மாசத்துக்கு ஒரு தபா பாப்பேன், வர்றத நானே ஒனக்குச் சொல்றேன். முடியலன்னாலும் நானே சொல்வேன். அதுவரிக்கும் ஒங்க நைனா ஊட்லதான். மதியத்துக்கு ஒரு ஆளு மட்டும் வேணும். அத நீ பாரு."

"நான் ஹோம்னு சொன்னது..." என்று ஸ்பீக்கரில் இழுத்தார் உதயகுமார் அண்ணன்.

"பயந்துகினு சொன்ன. தெரியும்டா. மொதல்ல ஆளப் பாரு."

இப்போது மதியத்தில் வனஜா என்ற பெண் வந்து உத்தமனைப் பார்த்துக்கொள்கிறார். பேபியம்மா உள்ளறையில் காலை நீட்டித் தூங்குகிறார். குறட்டை தெருமுனைவரை கேட்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் யாருடையது என்று கேட்டால், எங்களுக்குச் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது.