ஓரகத்தி வீட்டு ஃபோம்

திண்டிவனத்தில் என் ஓரகத்தி, சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிய அறையில் தான் பாடிப் பதிந்த கேசட்டைப் போட்டுக் காட்டினாள். "எதிரொலியே இல்ல, பாருங்கக்கா!" என்றாள். என் குரலில் கால்வாசி வராது அவளுக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

விழுப்புரம் திரும்பியதும் மெத்தைக் கடையில் ஃபோம் வாங்கி என் அறையிலும் ஒட்டினேன். இனிச் சத்தமே வெளியே போகாது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். முதல் பாட்டுக்கு முன் ஏற்றிய சூடத்தின் தீ ஃபோமில் பற்றிக்கொண்டது. அலறினேன். எதிர்வீட்டம்மா தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து அணைத்தார்.

"சத்தமே வெளிய போவாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே, நீ கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சும்மா!"

ஃபோம் எதிரொலியைத்தான் அடக்குமாம், சத்தத்தைத் தடுக்காதாம். பிழைத்தேன்! இப்போது அந்த அறைக்குள் தீப்பெட்டியே கொண்டுபோவதில்லை. ஓரகத்தி இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.