சாம்பிளில் மட்டும் பழுத்த மாம்பழம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூர் சிப்காட்டில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் நான் சேர்ந்த புதிது. குருபரப்பள்ளி பக்கம் மாம்பழ மிட்டாய் தயாரிக்கும் ஒருவருக்கு நாங்கள்தான் பெட்டி போட்டுக் கொடுத்தோம். பெட்டி முழுக்க ஒரே ஒரு மாம்பழம். அது ஒரு தடவை நன்றாகப் பழுத்திருக்கும், அடுத்த தடவை செங்காயாக வரும். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி கலர் மாறி வந்துச்சுன்னா பெங்களூர்லயே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்த பெரிய ஆர்டரே அதுதான். அது போனால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

சும்மா இருக்காமல் நானே முதலாளியிடம் போய், "என்கிட்ட விடுங்க சார்" என்று மார்தட்டினேன். நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வரவழைத்தார். நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை நம் மெஷினில் அச்சடித்து அந்தக் கருவியால் அளந்தால், இந்த மெஷினும் மையும் அட்டையும் சேரும்போது நிறம் எப்படி விழும் என்று கம்ப்யூட்டர் தெரிந்து வைத்துக்கொண்டு, படத்தை அதற்கேற்பத் திருத்தித் தரும். கலர் புரொஃபைல் என்பார்கள். எங்கள் கம்பெனியில் சாம்பிள் என்றாலே ஸ்டோரில் தனியாக எடுத்து வைத்திருக்கும் பளிச்சென்ற வெள்ளை அட்டையில்தான் போடுவது வழக்கம். நானும் அதையே கேட்டு வாங்கி அளந்தேன். பிறகு அதில் வந்த மாம்பழத்தைப் பார்த்து எனக்கே வாய் ஊறியது.

இரண்டு நாள் கழித்து ஆர்டருக்கான பெட்டிகள் மொத்தமாக, லாட்டாக, மெஷினில் ஓடின. ஆசையாகப் போய்ப் பார்த்தால், மறுபடியும் செங்காய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மெஷின் ஓட்டும் அண்ணனிடம், "நான் அளந்து வச்சத நீங்க கை வச்சுக் கெடுத்துட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர்.

"நான் தொடவே இல்லீங்க மேடம்" என்றார். நான் நம்பவில்லை.

பெட்டிகளைப் பிரித்துக் கட்டும் மேசையில் இருந்த அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பதற்றத்தில் பாதி தெலுங்கிலேயே வந்தது. "அண்ணன திட்டாதீங்க மேடம். இங்க வந்து பாருங்க."

அவர் மேசையில் அன்றைய பெட்டிகள் மூன்று அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் மாம்பழம் ஒவ்வொரு நிறம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். ஒன்றின் முதுகு சாம்பல், ஒன்று மஞ்சள், ஒன்று லேசான காவி.

"அட்டை ஒவ்வொரு மில்லுல இருந்து வருதில்லீங்களா? மில்லு மாறுனா முன்பக்கம் விழற கலரும் மாறுது. ஒரே கட்டுல ரெண்டு கலர் கலந்தா கண்ணுக்குத் தெரிஞ்சுரும். அதான் நாங்க எப்பவுமே முதுகப் பாத்துப் பிரிச்சுக் கட்டுவோம்."

"எப்பத்துல இருந்துக்கா?"

"நான் வந்ததுல இருந்தே. யாரும் கேக்கலயே மேடம்."

நான் அளந்த வெள்ளை அட்டை அந்த மூன்றிலும் இல்லை. லாட்டுக்கு ஒருநாளும் ஏறாத அட்டைக்கு நான் புரொஃபைல் போட்டிருக்கிறேன்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த வாரமே மூன்று அட்டைக்கும் தனித்தனியாகக் கட்டங்கள் அடித்து, அளந்து, மூன்று புரொஃபைல் போட்டோம். எந்த அட்டை எது என்று பிரித்துக் கொடுத்தது அந்த அக்காதான். எல்லார் முன்னாலும் கத்தினேன் இல்லையா, அதனால் டீ நேரத்தில் எல்லார் முன்னாலுமே அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் கை வைத்து, "மெஷின் சத்தத்துல கேக்கல மேடம், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். மெஷின் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அடுத்த லாட்டைப் பார்க்க மிட்டாய்க்காரர் நேரிலேயே வந்தார். மூன்று அட்டைப் பெட்டிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எல்லாம் பழுத்திருக்கு" என்றார். எனக்கு உயிரே வந்தது.

அந்த ஆர்டர் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது, நானும் நிறைவாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் என் நாற்காலியிலிருந்து இருபதடி தள்ளியிருந்த அந்த மேசைக்குப் போய்ச் சேர, பாவம் ஒரு நல்ல மனிதரை நான் தலைகுனிய வைக்க வேண்டியிருந்ததே என்பது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.