மூக்குத்தி கழற்றிய திங்கட்கிழமை

எங்கள் அப்பாவுக்கு மூக்கு பெரியது. சொந்தக்காரர்கள் அதைக் கறிமிளகாய் மூக்கு என்று சொல்லிச் சிரித்து, சிரித்து அலுத்தும் போயிருந்தார்கள். அந்த மூக்குக்கு ஜெர்மனியின் டோர்ட்மண்டில், ஒரு சீன உணவகத்தின் சமையலறையில், இப்படியொரு மரியாதை காத்திருக்கிறது என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அப்பா அங்கே சட்டி கழுவப் போனவர். பிறகு அடுப்படிக்கு உயர்ந்து நூடுல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு சீனத்து அம்மா. வேலை செய்கிற எல்லோரும் அவரைச் 'செஃபின்' என்பார்கள், நாங்களும் வீட்டில் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம். செஃபினுக்குச் சான்றிதழ்களில் நம்பிக்கை கிடையாது. ஆளை எதிரே நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். மூக்குத்தான் பணப்பெட்டியாம். நுனி சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும், நேரே பார்த்தால் மூக்குத்துவாரம் தெரியக்கூடாது, தெரிந்தால் வந்த பணம் தங்காது. காதுச்சோணை தடித்துத் தொங்க வேண்டும். நாடி உருண்டிருக்க வேண்டும். அப்பா எல்லாவற்றிலும் தேறியிருந்தார். அதைச் சொன்ன அன்று குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சோணைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். என்னுடைய நாடி கூர், அதனால் நான் தவறிப்போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

விளையாட்டாகத் தொடங்கியது விளையாட்டாகவே போயிருக்கும், செஃபினுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கடை இல்லாதிருந்தால். நின்றுகொண்டு சாப்பிடுகிற கடை, இம்பிஸ் என்பார்கள். அதை நடத்தியவர் விலகப் போகிறார், அப்பாவிடம் கொடுக்க யோசிக்கிறேன் என்று செஃபின் சொல்லியிருந்தார். அது எங்கள் வீட்டில் என்ன மாதிரியான செய்தி என்று சொன்னால்தான் விளங்கும். அம்மா இருட்டோடு எழும்பி அலுவலகங்கள் துப்பரவாக்கப் போவார், பின்னேரம் முதியோர் இல்லத்தில் சலவை. அப்பா மத்தியானம் போனால் நாங்கள் படுத்த பிறகுதான் வருவார். ஒருவர் சாப்பிட்டு வைத்த கோப்பையை மற்றவர் கழுவுவதுதான் அவர்கள் சந்தித்துக்கொள்கிற விதம். இம்பிஸ் கிடைத்தால் அம்மா இரண்டு வேலையையும் விட்டுவிடலாம், இருவரும் ஒரே இடத்தில் நிற்கலாம்.

ஆனால் ஆண்பிள்ளையின் அதிர்ஷ்டத்தில் பாதி மனைவியின் முகத்தில் இருக்கிறதாம். ஆகவே உணவகம் பூட்டியிருக்கிற திங்கட்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லிவிட்டார் செஃபின்.

அப்பா அடுப்படியில் வேலை செய்கிற இன்னொரு சீனரிடம் விசாரித்திருக்கிறார். மூக்குக் குத்தியிருந்தால் எப்படி என்று கேட்க, பெட்டியில் ஓட்டை என்றால் எப்படியோ அப்படி என்று பதில் வந்தது. ஞாயிறு பின்னேரம் அம்மா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, அன்று மட்டும் நேரத்தோடு வந்திருந்த அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"இஞ்சரும், அந்த மூக்குத்தியை நாளைக்கு மட்டும் ஒருக்காக் கழட்டி வையுமன்."

காரணத்தையும் சொன்னார். அம்மா சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"கழட்டினா ஓட்டை போயிடுமோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனாலும் மறுநாள் நான் பள்ளியால் வந்ததும் கழற்றினார். கலியாணத்துக்கு முதலே போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி, திருகாணி அசையவில்லை, தேங்காயெண்ணெய் விட்டுத்தான் எடுக்க முடிந்தது. துளையில் கிரீமை அடைத்து மேலே பவுடரை அப்பினார். அப்பா மூக்குத்தியைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெறும் மூக்கோடு அம்மா யாரோபோல் இருந்தார். எனக்கு அழுகை வந்தது.

பிறகு எல்லோருமாகப் போனோம். கதிரைகள் எல்லாம் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடக்க, ஒரேயொரு மேசையில் மட்டும் விரிப்புப் போட்டிருந்தது. செஃபின் எதிரே உட்கார்ந்தார். ஒரு விரலால் என் நாடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துச் சூப் வந்தது. அறை கணகணவென்று இருந்தது, அம்மா அன்றும் இருட்டோடு எழும்பி வேலைக்குப் போய் வந்தவர். இரண்டு கரண்டி குடித்தார், மூன்றாவது கரண்டி கோப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா இருமினார், மேசைக்குக் கீழே காலால் தட்டினார். அம்மா திடுக்கிட்டு விழித்து, சிரித்து, 'டாங்க' என்று நன்றியும் சொல்லிவிட்டு மறுபடி நித்திரையானார். சூப்பின் ஆவியில் பவுடர் கரைந்து மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிய ஆரம்பித்தது. எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செஃபின் அந்தப் புள்ளியைப் பார்க்கவேயில்லை. மீனைக் கொண்டுவந்தவரிடம் சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவிடம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி ஜெர்மனில் பேசினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்தக் கடைக்குக் காலையிலிருந்து இரவுவரை இரண்டு பேர் வேண்டும், உன் மனைவி நன்றாகக் களைத்துப்போய்விட்டாள், நான் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். மற்ற வேலைகளை அவள் விட்டுவிடுவாள் என்று அப்பா அவசரமாகச் சொன்னார். இது வேலையை விட்டால் போகிற களைப்பு இல்லை என்று செஃபின் தலையை ஆட்டினார். பிறகு தானே எழுந்துபோய் மீனைப் பெட்டியில் கட்டித் தந்தார். நல்ல மனுஷிதான்.

திரும்பி வருகிற நிலக்கீழ் ரயிலில் அம்மா மீன்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னவ?"

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டா. மூக்கில ஓட்டை எண்டால் காசு நிக்காதாம். தரேலாது எண்டுட்டா."

நான் வாயைத் திறந்தேன். எண்ணெய் சுட்ட தழும்புகளோடு அப்பாவின் கை என் முழங்காலை அழுத்தியது.

"நான் நித்திரையாப் போனதாலயோ எண்டு பயந்துபோனன்," என்றார் அம்மா.

"சீ, அதை ஆர் கவனிச்சது."

அம்மாவின் முகம் தெளிந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். இருண்ட யன்னலைக் கண்ணாடியாக வைத்து அம்மா அங்கேயே மூக்குத்தியைப் போட்டுக்கொள்ள, அப்பா திருகாணியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கோயிலடியிலும் கலியாண வீடுகளிலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. தன் பணப்பெட்டியில் சேர்ந்ததெல்லாம் மனைவியின் மூக்கு வழியே ஒழுகிப்போன கதை. எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஓட்டையை அடைக்க இவருடைய மூக்கு ஒன்றே போதுமே என்று அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொல்லி, பழியை அம்மாவின் மூக்கில் போடுகிறாரே என்று அப்பாவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. சூப் வரும், மீன் வரும், பவுடர் கரைந்தது வரும், செஃபின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்ததுகூட வரும். அம்மா நித்திரை கொண்டது மட்டும் ஒருநாளும் வராது. அப்பா அதை மறந்துபோய்விட்டார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.