மாப்பிள்ளைக்கு வந்த காணாக்கடி

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கத்தினாலும் பதறாமல் காரணம் தேடுகிற ஆள். "காரணம் இல்லாம எந்த மெஷினும் நிக்காது" என்பார் அடிக்கடி.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலை, சவரம் செய்யும்போது கழுத்து அரித்தது. குளித்து முடிப்பதற்குள் முதுகு, வயிறு, தொடை எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. மத்தியானம் பார்த்தால் இருந்த சுவடே இல்லை. சாயங்காலம் வேறு இடத்தில் முளைத்தது.

"காணாக்கடிங்க இது. ஏதோ உடம்புக்குச் சேரலை" என்றாள் மனைவி.

சேராதது எது? வீட்டுக்குப் புதிதாக வந்தது ஒன்றுதான்: மாமியார். போன மாதம்தான் மகள் வீட்டோடு வந்து சமையலைக் கையில் எடுத்திருந்தார். ஆலை கேன்டீனில் காலமெல்லாம் அடுப்படியில் நின்றவர். எண்ணெயும் காரமும் தாராளம்.

மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் முட்டையை ஒதுக்கினார். அப்புறம் மீன், அப்புறம் வேர்க்கடலை. கடைசியில், "வேலை இடத்துலயே சாப்பிட்டுக்கறேன்" என்று ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினார். தடிப்பு மட்டும் விட்டபாடில்லை. இடுப்பில் கருவிப்பையின் பட்டை அழுத்திய இடமெல்லாம் நெருப்பாய் எரிந்தது. ஒரு காலை உதடு வீங்கிப்போக, மனைவி அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மூச்சு முட்டுதா? நாக்கு வீங்குச்சா?"

"இல்லைங்க."

"இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல், தொண்டை வலி ஏதாவது?"

அவருக்கு நினைவே இல்லை. மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சளிக்காய்ச்சல் வீட்டை ஒரு சுற்று சுற்றியிருந்தது. இவர் காய்ச்சலோடே வேலைக்குப் போய்வந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கிருமியோட உடம்பு சண்டை போடும்போது சில பேருக்குத் தோல்ல இப்படிக் காட்டும். காய்ச்சல் போனாலும் இது கொஞ்ச நாள் நிக்கும். சாப்பாடா இருந்தா பெரும்பாலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும். நீங்கதான் எல்லாத்தையும் நிறுத்திட்டீங்களே!"

"அப்ப காய்ச்சல்தான் காரணம்?"

"இருக்கலாம். அடிச்சு சொல்ல முடியாது. நிறைய பேருக்குக் காரணம் தெரியாமலே போயிடும்."

அரிப்பு அடங்க மாத்திரை எழுதிக் கொடுத்து, மூச்சு திணறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்.

'இருக்கலாம்' என்று சொல்லிவிட்டு எந்த லிஃப்டையும் அவர் ஓடவிட்டதில்லை. அந்தச் சொல்லையே மென்றுகொண்டு நடந்தார். பாதி வழியில் மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"நீங்க ஒதுக்கினதையெல்லாம் அம்மா தனியா உக்காந்து சாப்பிடறாங்க. சாப்பிட்டுட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. 'எனக்கு ஒண்ணும் வரலையேடி'ங்கறாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. உடம்பு முழுக்க அரித்தபோதுகூட இப்படி நெளிந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். மாமியார் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, சளிக்காய்ச்சலால வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. நான்தான் உங்க சமையலைத் தப்பா நினைச்சுட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே, மாப்பிள்ளை."

"தட்டு சொல்லிச்சே."

மாமியார் குழாயை மூடினார். "கடிச்சது கண்ணுக்குத் தெரியலைன்னுதான் காணாக்கடின்னு பேரு வச்சாங்க. நீங்க கண்ணுக்குத் தெரிஞ்சவளைப் பிடிச்சுட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த கண் கலங்கியும் இருந்தது. மாப்பிள்ளை முக்காலியை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்தார். "மீன் மிச்சம் இருக்கா, அத்தை?" என்றார்.

மாத்திரையில் அரிப்பு அடங்கியது. தடிப்புகளும் நாளுக்கு நாள் குறைந்து, ஒரு கட்டத்தில் வரவே இல்லை.

மழைக்காலத்தில் மறுபடி அவருக்குச் சளியும் காய்ச்சலும் பிடித்தது. இந்தத் தடவை காரணத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காலையும் மாலையும் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றார். காய்ச்சல் விட்டது. வாரங்கள் போயின. தோல் வழவழவென்று அப்படியே இருந்தது.

"இந்தத் தடவை ஒண்ணும் வரலையே, அத்தை" என்றார், ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி.

"வராததுக்கும் காரணம் வேணுமா? ஆறிப்போகுது, சாப்பிடுங்க."